ஸ்டிக்கர் கோலம்

மடியில வெச்சுக்கங்க தம்பி, ஆனா மடக்கிடாதீங்க. மடங்கினா கோடு விழுந்துடும். கோடு விழுந்துச்சுன்னா ஒட்டறப்ப அந்த இடம் மட்டும் தூக்கிக்கிட்டு நிக்கும். பஸ்ல மேல வைக்க இடமில்ல, கீழ வெச்சா மிதிச்சிடறானுங்க, அதான் உங்ககிட்ட ஒரு கட்டு குடுத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. என் மடியிலயும் ரெண்டு கட்டு இருக்கு பாருங்க.

என்னன்னு பார்க்கறீங்களா? கோலம். ஸ்டிக்கர் கோலம். பாரிஸ் கார்னர்ல மொத்தமா எடுத்துக்கிட்டு வர்றேன். ஒரு தெருவுக்கே. கடைக்காரன்கூட கேட்டான், என்ன சார் கல்யாண மண்டபம் ஏதும் வெச்சிருக்கீங்களான்னு. இல்லப்பா, வார்டு வெச்சிருக்கேன்னேன். அவனுக்குப் புரியல.

நான் கவுன்சிலர் தம்பி. அதாவது கவுன்சிலர் எங்க வீட்ல. திலகவதின்னு பேரு. எங்க வார்டைப் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க, அதனால அவ பேர்ல நின்னோம். நின்னோம்னா நான்தான் நின்னேன், பேர் மட்டும் அவளோடது. அவ கையெழுத்துப் போடுவா. மத்ததெல்லாம் நான். கூட்டத்துக்கும் நான்தான் போவேன், அவ பக்கத்துல உட்கார்ந்திருப்பா. வாயில்லாப் பூச்சி. ஒரு நாள், ஒரு பொழுது என்னை எதிர்த்துப் பேசினது கிடையாது. இப்பவும் பேசலை. அதை அப்புறம் சொல்றேன்.

எங்க வீட்டுக்கு நேர் எதிர் வீட்ல எழிலரசின்னு ஒரு பொம்பளை. வீட்லயே ஜாக்கெட் தைக்கிறவ. புருஷன் சம்பந்தம், தண்ணி கேன் வண்டி ஓட்டறவன். மாமியார் தைலம்மா கூடவே இருந்துச்சு. அதோட மூத்த மகன் குமரவேல் மஸ்கட்ல வேலை பார்க்கிறான். நல்ல குடும்பம்தான். நான் யாரையும் கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த எழிலரசிக்கு ஒரு வியாதி. கோலம் போடற வியாதி.

கோலம் எல்லாரும்தான் போடறாங்கன்னு சொல்வீங்க. போடட்டும். பூ போடு, மயில் போடு, பொங்கப் பானை போடு, யார் வேணாங்கறது? இவ என்னைப் போட்டா தம்பி. என்னை.

பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தோம். தோண்டினா உடனே மூடிட முடியுமா? கான்ட்ராக்ட்காரனுக்கு ஆயிரம் பிரச்சனை. அவ வீட்டு வாசலுக்கு நேரா ஒரு பள்ளம் நின்னுபோச்சு, மழைத்தண்ணி வேற ரொம்பிக்கிச்சு. ஒரு நாள் காலையில பல்லு விளக்கிக்கிட்டே மாடியிலேருந்து பார்க்கறேன், பள்ளத்தைச் சுத்தி ஜனம் நிக்குது. எவனாவது விழுந்துட்டானோன்னு ஓடிப் போனேன். பார்த்தா பள்ளத்தைச் சுத்தி நாலு பக்கமும் படிக்கட்டு மாதிரி கோலம். மாவுல படி, செம்மண்ல கரை, அசல் தெப்பக்குளம். தண்ணிக்குப் பக்கத்துல ஒரு தெப்பம் வரைஞ்சு, தெப்பத்துல சாமி இருக்க வேண்டிய இடத்துல ஒரு ஆளு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, ரெண்டு காதுலயும் ஒவ்வொரு செல்போன்.

மூஞ்சி இல்ல. மூஞ்சி போட மாட்டா, கெட்டிக்காரி. வட்டத்தைப் போட்டு வெறுமனே விட்டுடுவா. ஆனா ரெண்டு காதுல ரெண்டு போன் வெச்சுப் பேசற ஆளு எங்க ஊர்ல வேற யாரு இருக்கான்? நான் அங்க போய் நின்னப்பகூட ரெண்டு காதுலயும் போன்தான் இருந்துச்சு. ஜனம் கோலத்தைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு, திரும்பக் கோலத்தைப் பார்த்துச்சு. அன்னைக்கு நாக்கைப் பிடுங்கிக்கிட்டு சாகலாம்போல இருந்துச்சு எனக்கு.

சரி, பொம்பளைதானே, ஒரு தடவை விளையாட்டுன்னு விட்டேன். அடுத்து தெரு லைட்டு. நாலஞ்சு கம்பத்துல பல்பு எரியலை, எழுதிப் போட்டிருக்கேன், வரும். அதுக்குள்ள இவ வாசல் முழுக்க ஒரு லைட்டுக் கம்பத்தைக் கோலமா போட்டு, கம்பத்து உச்சியில அசல் அகல் விளக்கை ஏத்தி வெச்சுட்டா. கம்பத்துக்குக் கீழ அதே ஆளு. குனிஞ்சு எதையோ தேடறான். பக்கத்துத் தெருவுலேருந்தெல்லாம் வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க. நான் எழுந்திருக்கிறதுக்குள்ள ஊர் பூரா வாட்ஸப்புல பார்த்துடும். எனக்கே என் போன்ல வரும். எனக்கே அனுப்புவானுங்க தம்பி, கீழ சிரிக்கிற பொம்மை வேற.

கண்டிச்சேன். போய் மரியாதையாத்தான் கேட்டேன், ஏம்மா உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்னு. அவ தையல் மெஷினை நிறுத்தக்கூட இல்ல. "வாசல் என்னுது, மாவு என்னுது. எறும்பு திங்கட்டும்னு போடறேன். உங்களுக்கு எங்கண்ணே வலிக்குது?"ன்னா. அண்ணேன்னு வேற கூப்பிடறா. அந்தத் திமிரைப் பாருங்க.

ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. என் கண்ணு முன்னாடியே அந்த போட்டோவைப் பார்த்துட்டுச் சிரிப்பை அடக்கினான். "கோலம் போட்டதுக்கு எந்த செக்‌ஷன் சார் போடறது?"ன்னான். துப்புரவு ஆளுங்களை வெச்சுக் காலையிலயே தண்ணி அடிச்சுக் கழுவச் சொன்னேன். கழுவிட்டுப் போனப்புறம் போட்டா. காரை அவ வாசல்ல நிறுத்தினேன். காரைச் சுத்தியே போட்டா, நாலு சக்கரத்துக்கும் நாலு யானை, யானைக்கு நெத்திப்பட்டம் கட்டி. அதுக்கும் கூட்டம்.

அந்த மாமியார்கிட்டயும் சொன்னேன். தைலம்மாவுக்கு என் மேல ரொம்ப மரியாதை. முதியோர் பென்ஷன் வாங்கிக் குடுத்தவன் நான். என்னைப் பார்த்தா உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நிக்கும். காபி போட்டுக் குடுத்துட்டு, "அவ வெளையாட்டுப் புள்ள ஐயா, மனசுல வெச்சுக்காதீங்க"ன்னுச்சு. அப்புறம் வழக்கம்போல மூத்தவன் கதை. குமரவேலுக்கு ராத்திரி வேலையாம், உள்ள போறப்ப போனை வாங்கி லாக்கர்ல வெச்சுப் பூட்டிடுவாங்களாம், விடிஞ்சு வெளிய வந்ததும் முதல்ல அம்மாவுக்குத்தான் பேசுவானாம். எனக்கு எதுக்கு இதெல்லாம்னு அன்னைக்கு நினைச்சேன். பெரியவங்க பேசினா காது குடுத்துக் கேட்கணும் தம்பி. எது எப்ப உதவும்னு தெரியாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாதது கிளிதான்.

கிளி ஜோசியம் பார்த்திருப்பீங்க இல்ல? கூண்டைத் திறந்து விட்டா கிளி நடந்து வந்து ஒரு சீட்டை எடுத்து ஜோசியக்காரன் கையில குடுத்துட்டு, ஒரு நெல்லு வாங்கிக்கிட்டு, திரும்பத் தானா கூண்டுக்குள்ள போயிடும். அதை அப்படியே போட்டிருந்தா. ஜோசியக்காரன் ரெண்டு காதுலயும் செல்போன். கிளி பச்சைக் கலர்ல, நெத்தியில பெரிய குங்குமப் பொட்டு. திலகவதி வைக்கிற பொட்டு. கிளி வாயில சீட்டுக்குப் பதிலா ஒரு பேனா.

எனக்கு என்ன கோபம்னா, என்னைச் சொல்லு. என் பொண்டாட்டியைக் கிளின்னு சொல்ல நீ யாரு? அவளுக்காகத்தான் நான் கொதிச்சேன். அவளை மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போய், பாருடி, உன்னை என்ன பண்ணி வெச்சிருக்கா பாருன்னு காட்டினேன். அவ எட்டிப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. பார்த்துட்டுச் சிரிச்சா தம்பி.

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. பல்லெல்லாம் தெரிய, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். எதிர் வாசல்ல எழிலரசி நிமிர்ந்து பார்த்துட்டு அவளும் சிரிச்சா. ரெண்டு பேரும் என்னை நடுவுல வெச்சு சிரிக்கிறாங்க. அன்னைக்கு முடிவு பண்ணினேன்.

அந்த நேரம் பார்த்து அமைச்சர் தேதி குடுத்துட்டார். பாதாளச் சாக்கடை முடிஞ்சதுன்னு எங்க தெருவுலயே வந்து கல்வெட்டுத் திறக்கிறார். பள்ளத்தை மணல் போட்டு, பலகை போட்டு, மேல பச்சைக் கம்பளம் விரிச்சு மூடியாச்சு. அதெல்லாம் எனக்குப் பிரச்சனையே இல்ல. அடுத்த தடவை நகராட்சித் தலைவர் சீட்டு எங்களுக்குன்னு பேச்சு இருக்கு. அமைச்சர் அந்தத் தெருவுல நடந்து வர்றப்ப ஒரு கோலம். ஒரே ஒரு கோலம். அது போதும், என் பத்து வருஷ உழைப்பும் அவ மாவுல போயிடும். மாவு போடாம அவளை எப்படி நிறுத்தறது? கையைக் கட்டிப் போட முடியுமா? அடிக்க முடியுமா? நான் அந்த மாதிரி ஆள் இல்ல தம்பி. நான் ஒரு பொம்பளை மேல கை வெச்சவன் இல்ல.

யோசிச்சேன். ஒரு தமிழ்ப் பொம்பளை என்னைக்கு வாசல்ல கோலம் போட மாட்டா?

சொல்லுங்க, உங்களுக்கே தெரியும். ஆமா. வீட்ல சாவு விழுந்தா.

ஐயோ, அப்படிப் பார்க்காதீங்க. யாரையும் எதுவும் பண்ணலை. வெறும் சேதி. ஒரு போன். காலையில சொல்லி, மத்தியானம் பொய்னு தெரிஞ்சுட்டா சந்தோஷம்தானே படப்போறாங்க? செத்தவன் உயிரோட இருக்கான்னா அதைவிடப் பெரிய சந்தோஷம் உண்டா? அரை நாள் தீட்டு, அவ்வளவுதான். முதல்ல தூரத்துச் சொந்தம் யாரையாவது சொல்லலாம்னுதான் நினைச்சேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. ஆனா இவ பங்காளித் தீட்டெல்லாம் பார்க்கிற ஜாதியா? சித்தப்பா செத்தார்னா, குளிச்சுட்டு வந்து கோலம் போட்டாலும் போடுவா. அதுவும் இல்லாம உள்ளூர்ச் சொந்தம்னா ஒரு போன் போட்டா தெரிஞ்சுபோயிடும். மஸ்கட்னா தெரியாது. ராத்திரி வேலை, போன் லாக்கர்ல. அங்க விடியறப்ப இங்க வெயில் ஏறிடும், அது வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான். அதைத்தான் சொன்னேன், பெரியவங்க பேசறதைக் கேட்கணும்னு.

அந்தப் பக்கமே வேலை பார்க்கிற தெரிஞ்ச பையன் ஒருத்தனை, அமைச்சர் வர்ற அன்னைக்கு விடியக்காலையில பேச வெச்சேன். அந்த நாட்டு நம்பர், சந்தேகம் வராது. சம்பந்தம்தான் போனை எடுத்திருக்கான். கம்பெனியில விபத்து, குமரவேல் தவறிட்டார், விவரம் பின்னால சொல்றோம்னு வெச்சுட்டான். நான் மாடியில நின்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். லேசா வெளுக்குது. எழிலரசி மாவு டப்பாவோட வாசலுக்கு வர்றா. குனிஞ்சு முதல் புள்ளி வைக்கிறா. உள்ளேருந்து சம்பந்தம் வந்து ஏதோ சொல்றான். அவ அப்படியே உட்கார்ந்துட்டா. அப்புறம் அந்த ஒரு புள்ளியையும் கையாலயே அழிச்சுட்டு, டப்பாவை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

எனக்கு ஒரு பெருமூச்சு வந்துச்சு. வாசல் சுத்தம்.

இது வரைக்கும் என் திட்டத்துல ஒரு குறை இல்ல. குறை எங்க வந்துச்சுன்னா, லோகு. லோகநாதன்னு நம்ம கட்சிக்காரன், எனக்கு வலது கை. சாவுன்னா பேனர் வேணும் இல்லையா? ஆழ்ந்த இரங்கல்னு போட்டு, செத்தவன் படம், கீழ எங்க படம். எங்க ஊர்ல எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் இருக்கான், எந்த வீட்ல யாரு செத்தாலும் பாடை கட்டறதுக்குள்ள அவன் பேனர் நிக்கும். என் வார்டுல, என் தெருவுல, என் எதிர் வீட்ல அவன் பேனர் முதல்ல நின்னா எனக்கு என்ன மரியாதை? அதனால முந்தின நாளே அடிச்சு வெச்சுட்டேன். படத்துக்கு அலையவே இல்ல. கோயில் கும்பாபிஷேகத்துக்குக் குமரவேல் நன்கொடை குடுத்தப்ப பேனர்ல போடறதுக்குன்னு தைலம்மாதான் அவன் படத்தைக் குடுத்துச்சு, எங்ககிட்டயே இருந்துச்சு. படத்தைச் சுத்தி ரோஜா மாலை, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. நல்லா அடிச்சிருந்தான். எங்க படம் கொஞ்சம் பெருசா வந்துடுச்சு, அது ஒண்ணுதான்.

லோகுகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன், எட்டு மணிக்கு மேல வை, சேதி ஊருக்குத் தெரிஞ்சப்புறம் வைன்னு. அந்த முட்டாள் என்ன பண்ணினான்? எதிர்க்கட்சிக்காரன் பால் வாங்க அந்தப் பக்கம் வந்தானாம். எங்கே முந்திடுவானோன்னு பயந்து, நான் கீழ போய்க் காபி குடிச்சுட்டு மாடிக்குத் திரும்பறதுக்குள்ள, விடிஞ்சும் விடியாம அவங்க வீட்டுக்கு நேர் எதிர்ல கட்டிட்டான்.

இன்னொரு தப்பு அவங்க வீட்டுத் தப்பு. அதையும் சொல்லணும். புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து கிழவிகிட்ட சேதியைச் சொல்லாம மறைச்சுட்டாங்க. உறுதியாத் தெரியட்டும், அப்புறம் சொல்லலாம்னு. பெத்த தாய்கிட்ட மறைக்கலாமா? பக்கத்துல உட்கார வெச்சு மெதுவா எடுத்துச் சொல்லியிருந்தா தாங்கியிருக்கும். நான் இதை எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

தைலம்மா வழக்கம்போல எழுந்து பக்கெட்டுல தண்ணியோட வாசலுக்கு வந்துச்சு. மருமக இன்னும் தெளிக்கலைபோல இருக்குன்னு நினைச்சிருக்கும். நிமிர்ந்து பார்த்துச்சு. கண்ணாடி போட்டுக்கலை. எதிர்ல ஏதோ பெருசா தெரியுதுன்னு பக்கெட்டோடயே நடந்து வந்துச்சு. எங்க மாடிக்கு நேர் கீழ. கிட்டப் போய் மகன் மூஞ்சியைப் பார்த்துச்சு. ஒரு கையால தொட்டுச்சு. கன்னத்தைத் தொட்டு, அப்புறம் கழுத்துல இருந்த மாலையைத் தொட்டு, அதை எடுக்கப் பார்த்துச்சு தம்பி. அச்சடிச்ச மாலை. எடுக்க வருமா? நகத்தால சுரண்டிப் பார்த்துச்சு. திரும்பத் திரும்ப சுரண்டுச்சு. அப்புறம் பக்கெட்டைக் கீழ வெச்சுட்டு, அதுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து, சாஞ்சுடுச்சு.

சத்தமே இல்ல. நான் சும்மா மயக்கம்னுதான் நினைச்சேன்.

திலகவதி எப்ப என் பின்னாடி வந்து நின்னான்னு தெரியல. செருப்புக்கூடப் போடாம ஓடினா. கிழவியை மடியில போட்டுக்கிட்டு அந்த பக்கெட்டுத் தண்ணியையே மூஞ்சியில தெளிச்சா. தெளிச்சுட்டு நிமிர்ந்தா. எதிர்ல பேனர். அதுல அவ படம். பதவி ஏத்துக்கிட்ட அன்னைக்கு எடுத்தது, சிரிச்ச முகமா கும்பிட்டுக்கிட்டு. கவுன்சிலர் திலகவதி ஏகாம்பரம், ஆழ்ந்த வருத்தத்துடன். அதைப் படிச்சா. அப்புறம் மாடியில இருந்த என்னைப் பார்த்தா.

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நெஞ்சு ஏற்கெனவே பலவீனமாம். யாரும் எனக்குச் சொல்லலை. சொல்லியிருந்தா நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன்.

கொஞ்ச நேரத்துல மஸ்கட்லேருந்து வீடியோ கால். குமரவேல் வெளிய வந்துட்டான். வழக்கம்போல அம்மாவுக்குத்தான் அடிச்சிருக்கான். போனை எழிலரசி எடுத்தா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து அலறினதைத் தெருவே கேட்டுச்சு.

நான் உடனே போய்ப் பேனரைக் கழட்டச் சொன்னேன். ஆனா அதுக்குள்ள எல்லார் போன்லயும் ஏறிடுச்சு. என்ன கேட்கிறாங்க பாருங்க, போன் வந்தது காலையில, பேனர் எப்ப அடிச்சீங்கன்னு. முன்கூட்டி வேலை செஞ்சா அதுவும் குத்தமா? பந்தல் போட்டேன், ஐஸ் பெட்டி வரவழைச்சேன், ஒரு வேலை அவங்களைச் செய்ய விடலை. புது பேனரும் நானே வெச்சேன். அதே டிசைன், படத்தையும் பேரையும் மட்டும் மாத்தச் சொன்னேன். ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க. என்னைப் பொய்யன்னு எவனும் சொல்ல முடியாது. அந்த வீட்ல சாவுன்னு சொன்னேன். சாவு விழுந்துச்சு. தேதிகூட மாறலை.

அமைச்சர் வந்தார். வாசல்ல கோலம் இல்ல, மாவு இல்ல, ஒண்ணும் இல்ல. சாவு வீடுன்னு கேள்விப்பட்டு அவரே உள்ள போய் மாலை போட்டார். வெளிய வந்து என் தோள்ல கையைப் போட்டு, "பந்தல்லேருந்து எல்லாம் நீதானாமே. மனிதாபிமானம் உள்ளவன்யா நீ"ன்னார். அத்தனை பேர் முன்னாடி. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எழிலரசி அங்கதான் நின்னா. ரெண்டு கையிலயும் காய்ஞ்ச மாவு, கழுவக்கூட இல்ல.

அதோட கதை முடிஞ்சிருக்கணும். முடிஞ்சிருந்தா நான் ஏன் இந்தக் கட்டைத் தூக்கிக்கிட்டு பஸ்ல வர்றேன்?

பொணம் தெருவுல இருக்கிற வரைக்கும் எந்த வீட்லயும் கோலம் போட மாட்டாங்க. அது வழக்கம். எடுத்ததும் தண்ணி தெளிச்சுட்டுப் போட ஆரம்பிச்சிடுவாங்க. மறுநாள் மாடியிலேருந்து பார்க்கறேன். தெளிச்சிருக்காங்க. எல்லா வாசலும் ஈரம். கோலம் இல்ல. ஒரு வீட்லயும் இல்ல. சரி, அக்கம்பக்கம், துக்கம் இருக்கும்னு விட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது. அப்பவும் இல்ல. மார்கழி பொறந்துச்சு. மார்கழியில கோலம் இல்லாத தெருவைப் பார்த்திருக்கீங்களா தம்பி? பக்கத்துத் தெருவும் நிறுத்திட்டாங்க. அப்புறம் அதுக்கு அடுத்தது. கிறிஸ்டியன் வீடு ஒண்ணு, ஸ்டார் கட்டியிருந்தவங்க, அவங்ககூட ஸ்டாரைக் கழட்டிட்டாங்க.

யாராவது ஏதாவது சொல்றாங்களா? ஒரு வார்த்தை இல்ல. நான் தெருவுல நடந்தா வாசல்ல வந்து நிக்கறாங்க. கும்பிட்டா கும்பிடறாங்க. ஈரமான வெறும் வாசலுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என்னைப் பார்க்கறாங்க. எல்லா வீட்லயும் பொணம் கிடக்கிற மாதிரி. எஸ்.ஐ.கிட்ட போனேன். கோலம் போடறதுக்காவது செக்‌ஷன் தேடலாம், போடாததுக்கு எங்க சார் போறதுன்னான். இந்தத் தடவை அவன் சிரிக்கலை. கோலப் போட்டி வெச்சேன். முதல் பரிசு கிரைண்டர். மைக் கட்டி, பந்தல் போட்டு, நானும் கிரைண்டரும் உட்கார்ந்திருந்தோம். லோகுவும் இப்ப வர்றதில்ல. அவன் பொண்டாட்டி விடலையாம்.

இப்ப பொங்கலுக்கு அமைச்சர் திரும்ப வர்றார். எங்க தெருவுல நடந்து வந்து பொங்கல் வைக்கிறாராம். டிவிக்காரங்களும் வர்றாங்க. தெரு முழுக்க மொட்டை வாசலா இருந்தா, என்னய்யா ஊருன்னு கேட்க மாட்டாரா? அதுக்குத்தான் இது. பாருங்க, நல்ல டிசைன், மழையில நனைஞ்சாலும் போகாது. கருக்கல்ல எழுந்து நானே ஒட்டப்போறேன். ஆள் கிடைக்கல, அதனால நானே.

என் வீட்டு வாசலுக்கும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கேன். சொல்றேன்னு சொன்னேன் இல்ல. திலகவதியும் போடறதில்ல. அன்னையிலேருந்தே. கையெழுத்தும் போட மாட்டேங்கறா. நானும் கெஞ்சிப் பார்த்துட்டேன், நம்ம வீட்டுக்காவது போடுடி, ஊர் என்ன நினைக்கும்னு. அப்பதான் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தா. "சாவு விழுந்த வீட்ல கோலம் போடக் கூடாது"ன்னா.

நம்ம வீட்ல யாருடி செத்தான்னு கேட்டேன்.

என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னா. பூ இல்ல, பொட்டு இல்ல, வெறும் நெத்தி. கழுத்தைப் பார்த்தேன், தாலிகூட இல்ல. குளிக்கறப்ப கழட்டி வெச்சிருப்பா, மறந்திருப்பா. அந்தக் குங்குமம் அவளுக்கு ஒத்துக்கலைபோல இருக்கு, நெத்தியில அரிக்குமா இருக்கும். டாக்டர்கிட்ட காட்டணும். இப்போதைக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கியிருக்கேன், அதே கடையில. கோலத்தோடயே கட்டச் சொன்னேன். உங்க மடியில இருக்கிற கட்டுலதான் இருக்கு.

ஏன் தம்பி எழுந்துட்டீங்க? உங்க ஊர் இன்னும் வரலையே. உட்காருங்க, சீட்டு போயிடும். ஏன், கனக்குதா? வெறும் காகிதம்தானே தம்பி. சரி, குடுங்க. குடுங்க, நானே வெச்சுக்கறேன்.